அப்பாவின் காலைப் பாண்: பிரவுன் பிரெட் உண்மையிலேயே கோதுமைதானா?

பந்தலூர்_மகள்

வணக்கம். அப்பாவுக்கு 68 வயது. 1972-ல் இலங்கையின் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் இருந்து, அப்புறம் இந்த மலைக்கு வந்தவர். இத்தனை வருடம் கழித்தும் பிரெட்டைப் பாண் என்றுதான் சொல்வார். தோட்டத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க, விடியற்காலையில் பெரட்டுக்களத்துக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடம்) கிளம்பும் முன் அம்மா சுட்டுக்கொடுக்கும் தேங்காய் ரொட்டி, சம்பல், சாயத்தண்ணி, அவ்வளவுதான் சாப்பாடு. இப்போது அம்மாவுக்கு விரல் மூட்டெல்லாம் வலி, மாவு பிசைய முடிவதில்லை. நானும் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்துக் கூடலூர் போக வேண்டும். அதனால் ஐந்தாறு வருடமாகக் காலையில் பாண்தான். நாலு ஸ்லைஸ், மேலே ஜாம், சர்க்கரை போட்ட டீ இரண்டு டம்ளர்.

ஜனவரியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.4. டாக்டர் "பிரெட்டைக் குறைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். எங்கள் பக்கத்துக் கடைக்காரர், "பிரவுன் பிரெட் வாங்குங்க, அது கோதுமை, சுகருக்கு நல்லது" என்றார். பாக்கெட்டுக்கு 15 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து இரண்டு மாதம் வாங்கினேன். காலைச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து வீட்டு மெஷினில் பார்த்தால் 250-க்குக் கீழே வரவே இல்லை. வெள்ளை பிரெட் சாப்பிட்ட நாளிலும் அதே எண்தான்.

பிரவுன் பிரெட் உண்மையிலேயே கோதுமைதானா? இல்லை என்றால் காலையில் அவருக்கு என்னதான் கொடுப்பது? பாணே வேண்டாம் என்று சொன்னால் சாப்பிடாமலே உட்கார்ந்திருப்பார், அந்தப் பிடிவாதம் எனக்குத் தெரியும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைக்காற்று

மைதாவே விஷம் சகோதரி. அதை வெளுக்க வைக்க அலொக்ஸான் என்ற ரசாயனம் போடுகிறார்கள், லேபில் எலிக்குச் சுகர் வரவைக்க ஊசி போடுவதே அதைத்தான். பிரெட், பரோட்டா, பன் எல்லாவற்றையும் இன்றைக்கே நிறுத்துங்கள்.

விறகடுப்பு

22 வருடமாக மாவு பிசைகிறவன். ஊட்டியில் தொழில் கற்றுக்கொண்டு இப்போது கூடலூரில் சின்னதாகக் கடை வைத்திருக்கிறேன். சகோதரி, நிறத்தைப் பார்த்து பிரெட்டை நம்பாதீர்கள். நான் தொழில் பழகிய இடத்தில் (பெயர் வேண்டாம்) பிரவுன் பிரெட் என்றால் 50 கிலோ மைதா மூட்டைக்கு இரண்டு மூன்று கிலோ தவிடு, அப்புறம் கேரமல், அதாவது சர்க்கரையைக் கருக்கி எடுத்த கறுப்புத் திரவம். ஒரு கரண்டி ஊற்றினால் போதும், மொத்த மாவும் தேயிலைச் சாயம் மாதிரி ஆகிவிடும். வாங்குகிறவர்கள் கோதுமை என்று நினைத்துக்கொண்டு போவார்கள். எனக்கு அப்போது 19 வயது. கேட்க வேண்டும் என்று தோன்றியது, கேட்கவில்லை.

கடைக்காரர்கள் ஏன் முழுக் கோதுமையில் போடுவதில்லை என்று தெரிய வேண்டுமானால் மாவைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கோதுமையில் கிளையடின், குளூட்டனின் என்று இரண்டு புரதம் இருக்கிறது. தண்ணீர் ஊற்றிப் பிசையப் பிசைய இரண்டும் சேர்ந்து ரப்பர் வலை மாதிரி ஆகும், அதுதான் குளூட்டன். ஈஸ்ட் விடுகிற காற்று அந்த வலைக்குள் மாட்டிக்கொள்வதால்தான் மாவு ஏறுகிறது. நன்றாகப் பிசைந்த மைதா மாவில் ஒரு எலுமிச்சை அளவு கிள்ளி, நாலு விரலில் வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள், பலூன் தோல் மாதிரி விரிந்து மறுபக்கம் பல்பு வெளிச்சம் தெரியும். அதையே ஆட்டா மாவில் செய்தால் பாதி விரியும்போதே பொத்தென்று கிழியும். கிழிந்த ஓரத்தில் பார்த்தால் பழுப்பாக ஒரு தவிட்டுத் துகள் நிற்கும். வலையை அறுத்தது அதுதான். அதனால் முழுக் கோதுமை பிரெட் பஞ்சு மாதிரி வராது, கனக்கும், உயரம் குறையும், தண்ணீரும் கூடுதலாகக் குடிக்கும். வாங்குகிறவர்கள் அழுத்திப் பார்த்துவிட்டு "நேத்து பிரெட்டா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பாதிக் கடைகள் மைதாவும் கலருமாக ஓட்டுகின்றன.

உங்கள் வீட்டுப் பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை அப்படியே இங்கே எழுதுங்கள், பார்க்கலாம்.

பந்தலூர்_மகள்

நன்றி அண்ணா. பாக்கெட்டில் இருப்பதை வரிசையாக எழுதுகிறேன்: ரீஃபைன்ட் வீட் ஃப்ளோர், தண்ணீர், சர்க்கரை, வீட் ப்ரான் 4 சதவீதம், ஈஸ்ட், பாம் எண்ணெய், குளூட்டன், உப்பு, எமல்சிஃபையர் 481, ப்ரிசர்வேட்டிவ் 282, கலர் 150. வீட் ஃப்ளோர் என்றுதானே போட்டிருக்கிறது, அப்போது கோதுமைதானே?

விறகடுப்பு

"ரீஃபைன்ட்" என்ற ஒரு சொல் அதற்கு முன்னால் நிற்கிறது பாருங்கள். ரீஃபைன்ட் வீட் ஃப்ளோர் என்றால் மைதா. எடையில் அதிகமாக இருப்பதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம், அதனால் முதல் பெயர் எதுவோ பிரெட் அதுதான். முதலில் "ஹோல் வீட் ஃப்ளோர்" அல்லது "ஆட்டா" என்று இருக்க வேண்டும். உங்கள் பாக்கெட்டில் நாலு சதவீதம் தவிடு, மிச்சம் மைதா, நிறம் 150. அந்த 150 கேரமல். 282 என்பது கால்சியம் புரோபியோனேட், பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடுவது, அளவோடு போட்டால் பயப்பட ஒன்றும் இல்லை. பந்தலூர் மழையில் அது இல்லாத பிரெட் இரண்டாம் நாளே பச்சை கட்டும். (கட்டினால் அந்த இடத்தை மட்டும் பிய்த்துவிட்டுச் சாப்பிடாதீர்கள். பூஞ்சையின் நூல் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும், முழுதாகத் தூக்கிப் போடுங்கள்.)

சத்துக்கணக்கு

குன்னூர்ப் பெண், கோவையில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். முதலில் அலொக்ஸான் விஷயத்தை முடித்துவிடுவோம், இதை நம்பி மக்கள் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மலைக்காற்று, எலிக்குக் கொடுப்பது உண்மை. அது எலியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்லுக்குள் புகுந்து அதை அழிக்கும். மனிதக் கணையச் செல் அதை அந்த அளவுக்கு உள்ளே எடுத்துக்கொள்வதில்லை. அதை யாரும் மைதாவில் கொட்டுவதும் இல்லை. குளோரின் வைத்து வெளுக்கும்போது மிகச் சிறிய அளவில் உண்டாகலாம் என்பதிலிருந்துதான் இந்தக் கதை கிளம்பியது.

மைதாவின் குறை அதில் சேர்ப்பதில் இல்லை, எடுத்துவிடுவதில் இருக்கிறது. கோதுமை மணியில் ஏறக்குறைய 14 சதவீதம் தவிடு, 3 சதவீதத்துக்குள் முளை, மிச்சம் 80 சொச்சமும் மாவுப் பகுதி. மைதா அரைக்கும்போது தவிட்டையும் முளையையும் நீக்கிவிடுகிறார்கள். நார்ச்சத்து, இரும்பு, பி வைட்டமின்கள் பெரும்பாலும் அந்த இரண்டில்தான் இருந்தன. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணையில் 100 கிராம் ஆட்டாவுக்கு நார் 11.36 கிராம், மைதாவுக்கு 2.76. புரதம் மட்டும் இரண்டிலும் 10 கிராமை ஒட்டியே இருக்கிறது.

இப்போது பலருக்கும் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். அசல் ஆட்டா பிரெட்டே வாங்கினாலும் அப்பாவின் 250 பெரிதாக இறங்காது. சாப்பிட்டதும் சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று அளக்கும் கிளைசெமிக் எண் வெள்ளை பிரெட்டுக்கு 75 என்றால், முழுக் கோதுமை பிரெட்டுக்கு 74. நம்ப முடியாதுதான், ஆனால் பல நாட்டுச் சோதனைகளின் சராசரி அது. தவிடு கூட இருந்தாலும் மாவைப் பவுடராக அரைத்துவிட்டோம், வாயில் போட்டதும் எச்சிலிலேயே கரையத் தொடங்கிவிடுகிறது. அதே கோதுமையைக் குருணையாக உடைத்து வேகவைத்தால் 50 பக்கம் இறங்கிவிடும். வேறுபாடு நிறத்தில் இல்லை, எவ்வளவு பொடியாக்கினோம் என்பதில் இருக்கிறது. ஆட்டா பிரெட்டில் பயன் இல்லையா என்றால், உண்டு. மலச்சிக்கல், வயிறு நிறைவது, நீண்ட நாளில் இதயம், இவற்றுக்கெல்லாம் நார் நல்லது. ஆனால் இன்று காலை ஏறும் சர்க்கரைக்கு முக்கியம் எத்தனை ஸ்லைஸ், கூட என்ன என்பதுதான்.

கணக்குப் பாருங்கள். ஒரு ஸ்லைஸ் ஏறக்குறைய 28 கிராம், 70 சொச்சம் கலோரி, மாவுச்சத்து 13, 14 கிராம். நாலு ஸ்லைஸில் 55 கிராம். இரண்டு ஸ்பூன் ஜாமில் 13 கிராம் சர்க்கரை, டீயில் ஒரு 20. மொத்தம் 90 கிராமை நெருங்குகிறது, அதுவும் வெறும் வயிற்றில், தடுக்க ஒரு முட்டையோ பருப்போ கூட இல்லாமல். உப்பையும் விடாதீர்கள், நாலு ஸ்லைஸில் 500 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் போகும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 2000-க்குள் நிற்கச் சொல்கிறது. பிரெட் உப்புக் கரிப்பதில்லை என்பதால் யாரும் அதை நினைப்பதே இல்லை. அப்பாவுக்கு பிரஷர் உண்டா?

பந்தலூர்_மகள்

உண்டு, ஒரு மாத்திரை போடுகிறார். அம்மாவுக்கு ரத்தம் குறைவு, ஹீமோகுளோபின் 9.2. அவரும் காலையில் பிரெட்டை டீயில் தோய்த்துத்தான் சாப்பிடுகிறார்.

சத்துக்கணக்கு

அம்மா விஷயத்தில் டீயைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தேநீரில் உள்ள டானின் சாப்பாட்டிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளும், குடல் அதை உறிஞ்ச முடியாமல் வெளியே போய்விடும். கொழுந்து பறிக்கும் ஊரில் டீயை விடச் சொல்ல மாட்டேன், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ குடிக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ பாதிக் கொய்யாவோ கொடுங்கள், வைட்டமின் சி இரும்பை இழுத்துக் கொடுக்கும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. தோட்டத்து லயன் (வரிசை) வீடுகளில் காலை ஐந்தரைக்கு எழுந்து டீயும் வர்க்கி என்ற மைதாப் பண்டமும் சாப்பிட்டுவிட்டு மலையேறும் பெண்களை நினைத்தால் எனக்கு அந்த எண் ஆச்சரியமாக இல்லை. 9.2 என்பதால் மாத்திரை தேவையா என்று டாக்டரிடமும் கேட்டுவிடுங்கள்.

மலைக்காற்று

சரி, அலொக்ஸான் பற்றி எனக்கு வந்த தகவலை அப்படியே நம்பிவிட்டேன். ஆனால் பேக்கரியில் ஏதோ பவுடர் கலக்கிறார்கள், அது புற்றுநோய் தரும் என்று செய்தியிலேயே வந்ததே? அது நினைவிருக்கிறது.

விறகடுப்பு

அது உண்மை. பொட்டாசியம் புரோமேட். மாவு உயரமாக, வெள்ளையாக வர அதைப் போடுவார்கள். 2016 மே மாதம் டெல்லியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 38 பிரெட், பன், பீட்சா மாதிரிகளைச் சோதித்ததில் 84 சதவீதத்தில் புரோமேட் அல்லது அயோடேட் எச்சம் இருந்தது. அடுத்த மாதமே புரோமேட்டைத் தடை செய்துவிட்டார்கள். உலக அளவில் அதை மனிதனுக்குப் புற்றுநோய் வரவைக்கக் கூடியது என்ற பட்டியலில் 1999-லேயே சேர்த்திருந்தார்கள். இப்போது இம்ப்ரூவர் என்று வருவதில் பெரும்பாலும் என்சைமும் வைட்டமின் சி-யும்தான். நான் அதையும் போடுவதில்லை, நேரம் கொடுத்தால் மாவு தானாக ஏறும். ஊட்டியில் டிசம்பரில் ராத்திரி 11 மணிக்குப் பிசைந்த மாவு விடிகாலை நாலுக்கும் அசையாமல் கிடக்கும், வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்து, சாக்கு போர்த்தி, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து எழுப்புவோம். அப்படி மெதுவாகப் புளித்த பிரெட்டின் மணம் அவசரத்தில் ஏற்றிய பிரெட்டுக்கு வராது.

சத்துக்கணக்கு

மணம் மட்டும் இல்லை. தவிட்டில் ஃபைட்டேட் என்று ஒன்று உண்டு, டானின் மாதிரியே இரும்பையும் துத்தநாகத்தையும் கட்டி வைக்கும். நீண்ட நேரம் புளிக்கும்போது அது உடைந்து குறைகிறது. ஆட்டா பிரெட் என்றால் மெதுவாகப் புளிக்க வைத்ததாக இருப்பது நல்லது.

ஹட்டிக்காரர்

கோத்தகிரிப் பக்கம், படுகர். எல்லோரும் கோதுமை என்றால் பஞ்சாப் லாரியில் வருவது என்றே பேசுகிறீர்கள். எங்கள் ஹட்டியை, அதாவது ஊரைச் சுற்றி என் அப்பா காலத்தில் கோதுமை, பார்லி, ராகி, சாமை எல்லாம் விளைந்தது. பிறகு உருளைக்கிழங்கு, அப்புறம் தேயிலை. இப்போது ஒரு பிடி கோதுமை பார்க்க வேண்டுமானால் ரேஷன் கடைக்குப் போக வேண்டும். பொத்திட்டு என்று தடிமனாகச் சுடுவோம், பண்டிகைக்குத் துப்பதிட்டு, அதாவது நெய்யில் பொரித்தது. துப்ப என்றால் நெய், இட்டு என்றால் மாவுப் பண்டம். என் பாட்டி பொத்திட்டு சுடும்போது மாவைக் கொஞ்சம் கரகரப்பாகவே திரிப்பார், பல்லில் படும். அது வாயில் கரையவே கரையாது, மென்றுதான் தின்ன வேண்டும். மேலே அந்த அம்மா குருணை என்று சொன்னதைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. இங்கே குளிரில் இட்லி மாவு புளிப்பதே பெரும்பாடு, போர்வை சுற்றி வைத்தாலும் சில நாள் அப்படியே இருக்கும். அதனால்தான் கீழே ஊரெல்லாம் இட்லி சாப்பிடும் நேரத்தில் இந்த மலையில் அவசரத்துக்கு பன்னும் பிரெட்டும் நுழைந்தது என்பது என் எண்ணம்.

வெலிங்டன்_வயல்

ஹட்டிக்காரர் கோதுமையைத் தொட்டுவிட்டதால் நானும் எழுத வேண்டியதாயிற்று. வெலிங்டனில் 1954 முதல் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கோதுமை நிலையம் இருக்கிறது. குன்னூருக்கு வருகிறவர்கள் ராணுவத்தைப் பார்ப்பார்கள், ரேஸ் கோர்ஸைப் பார்ப்பார்கள், சரிவில் இருக்கும் அந்தக் கோதுமைப் பாத்திகளை யாரும் பார்ப்பதில்லை. நான் அங்கே வயல் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன்.

கோதுமையே பெரிதாக விளையாத இந்த மலையில் எதற்குக் கோதுமை நிலையம் என்று கேட்பார்கள். துருநோய் என்ற பயிர் நோய்க்காக. கருந்துரு, பழுப்புத் துரு, மஞ்சள் துரு என்று மூன்று. பாதிக்கப்பட்ட இலையைப் பெருவிரலால் தடவினால் காவி பூசினது மாதிரி பொடி ஒட்டும். அந்தப் பொடியின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்து, காற்றில் நூற்றுக்கணக்கான மைல் பறக்கும். வட இந்தியச் சமவெளியில் கோடை வெயில் அதைக் கொன்றுவிடும். அப்படியானால் ஒவ்வொரு வருடமும் புதிதாக எங்கிருந்து வருகிறது? ஆக்ரா கல்லூரியில் இருந்த பேராசிரியர் கே. சி. மேத்தா பல வருடம் ஊர் ஊராகப் பார்த்துக் கண்டுபிடித்தார்: வடக்கே இமயமலையிலும், தெற்கே நம் நீலகிரியிலும் பழனி மலையிலும் அது உயிரோடு இருக்கிறது என்று. இங்கே குளிர்ச்சி மாறாது, வருடத்தில் இரண்டு போகமும் கோதுமை நின்றது, நோய்க்குச் சாவே இல்லை. நவம்பரில் வங்கக் கடலில் புயல் சுழலும்போது அந்தக் காற்று இந்த மலையிலிருந்து வித்தை அள்ளிக்கொண்டு போய் மத்திய இந்திய வயல்களில் மழையோடு இறக்கும் என்பதைப் பின்னால் வந்தவர்கள் உறுதிப்படுத்தினார்கள்.

நோய் வருடம் முழுக்க இருக்கும் இடம்தானே அதைத் தாங்கும் ரகத்தைச் சோதிக்கச் சரியான இடம்? அதனால்தான் இங்கே நிலையம். இங்கே நோயில் நிறுத்திச் சோதித்து, எதிர்ப்பு மரபணுவை ஏற்றி அனுப்பிய கோதுமையின் வழித்தோன்றல்கள் நாடு முழுக்கப் பரவியிருக்கின்றன. சம்பா கோதுமையில் நீலகிரி கப்ளி என்ற ரகமும் இந்த நிலையத்தில் உருவானதுதான். சம்பாவின் குளூட்டன் வலுவில்லாதது, பிரெட்டுக்கு ஏறாது. ஆனால் ரவையாக உடைத்தால் அதைப் போல் ருசி வேறு எதிலும் இல்லை. பந்தலூர் மகள், உங்கள் அப்பாவுக்குச் சம்பா ரவையில் உப்புமா செய்து பாருங்கள். ஒரு பங்கு ரவைக்கு ஒரு பங்கு பட்டாணி, பீன்ஸ், கேரட்.

கோடை_மேகம்

பழனி மலை என்றதும் வந்துவிட்டேன், கொடைக்கானல். எங்கள் தாத்தா அமெரிக்க மிஷனரி பங்களா ஒன்றில் சமையல்காரர். அந்த மிஷனரிகள் 1845-லிருந்தே மதுரை வெயிலுக்குத் தப்பி இங்கே வீடு கட்டியவர்கள். அப்போது கொடைக்கானலில் ஈஸ்ட் பாக்கெட்டுக்கு எங்கே போவது? உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரில் கொஞ்சம் சர்க்கரையும் மாவும் கலந்து ஜாடியில் நுரைக்க விட்டு, அதையே ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மிச்சம் வைத்து அடுத்ததற்கு உறையாக ஊற்றுவாராம், தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி. அடுப்பு என்பது பெரிய பிஸ்கட் டின். கீழே கரி, மூடி மேலேயும் கரி. அப்பா அந்த டின்னை இன்னும் வைத்திருக்கிறார், அடிப்பக்கம் நீலமாகக் கருத்துக் கிடக்கிறது.

இப்போது இங்கே தடுக்கி விழுந்தால் ஹோம்மேட் பிரெட் என்று ஒரு போர்டு. நல்லதும் உண்டு. ஆனால் வாங்கும்போது வெட்கப்படாமல் "ஆட்டா எத்தனை பங்கு, மைதா எத்தனை பங்கு" என்று கேளுங்கள். உண்மையாகச் செய்கிறவர் உடனே சொல்லிவிடுவார்.

மலைக்காற்று

வர்க்கி பற்றி யாரும் சொல்லவில்லையே, எங்கள் வீட்டில் காலையில் டீக்கு அதுதான்.

விறகடுப்பு

ஊட்டி வர்க்கி நான் கை வைத்துக் கற்றுக்கொண்ட பண்டம், அதைக் குறை சொல்ல மனம் வராது. ஈஸ்ட் போடாமல் வாழைப்பழம், ரவை, சர்க்கரை, மைதா கலந்து புளிக்க வைத்த 'மாவா' என்ற கலவையை வைத்துத்தான் எழுப்புவோம். மாவைத் தேய்த்து, கொழுப்புத் தடவி, மடித்து, மறுபடி தேய்த்து என்று அடுக்கடுக்காகப் போகும், விறகு அடுப்பின் சூட்டில் ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாக நிமிரும். அந்தக் கொழுப்பு பெரும்பாலும் டால்டா. 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்பு எதிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது, முன்பிருந்த அளவுக்குக் கெடுதல் இல்லை. இருந்தாலும் கொழுப்பு கொழுப்புதான், மைதா மைதாதான். அதைப் பலகாரமாக நினைத்து ஒன்றிரண்டு சாப்பிடுங்கள். தினமும் காலைச் சாப்பாடாக வேண்டாம்.

பந்தலூர்_மகள்

எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு விஷயம் சொன்னார், எனக்கே புதிது. இலங்கையில் அவர்கள் கோதுமை மா என்று சொல்வதே நாம் சொல்லும் மைதாவைத்தானாம். நம் ஆட்டாவை ஆட்டா மா என்று தனியாகச் சொல்வார்களாம். அப்படியானால் அம்மா இத்தனை வருடம் சுட்ட தேங்காய் ரொட்டியும் மைதாதான்! கடைக்காரர் கோதுமை பிரெட் என்று சொன்னதும் அப்பா தலையாட்டியது அதனால்தான், அவர் கணக்கில் வெள்ளைப் பாணும் கோதுமைதான். அப்போது ஏன் சுகர் வரவில்லை என்று கேட்டேன். "அப்ப பகல் முழுக்க மலையில ஏறி இறங்கினேன் பிள்ளை, இப்ப திண்ணையில இருக்கிறேன்" என்றார்.

சத்துக்கணக்கு

அப்பா சொன்னது சரி. சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் லயன் வரிசையில் நடக்கச் சொல்லுங்கள், மெஷினில் வித்தியாசம் தெரியும். காலைக்கு: இரண்டு ஸ்லைஸ் ஆட்டா பிரெட், ஒரு முட்டை, ஒரு கிண்ணம் பட்டாணியோ அவரையோ வேகவைத்தது. ஜாம் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் வெலிங்டன் ஐயா சொன்ன ரவை, ஒரு நாள் ராகி. 100 கிராம் ராகியில் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அம்மாவுக்கும் ஆகும். மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். அளவு இறங்கத் தொடங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பந்தலூர்_மகள்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். விறகடுப்பு அண்ணா கடையைக் கூடலூரில் கண்டுபிடித்து, முக்கால் பங்கு ஆட்டா போட்ட பிரெட்டை வாரம் ஒன்று வாங்குகிறேன். முதல் நாள் அப்பா கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "இது கல்லு" என்றார். தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் வாட்டி, முட்டையோடு கொடுத்தேன், ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். ராகிக்குக் கேட்கவே வேண்டாம், அவருக்கு அது குரக்கன், சின்ன வயதில் தின்ற ரொட்டியாம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் அளவு சொல்ல நான் பிசைகிறேன்.

இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த அளவுகள்: முதல் வாரம் 221, 214. அப்புறம் 196, 181, சம்பா ரவை நாளில் 174. ஒரு நாள் கல்யாண வீட்டுக்குப் போய் வந்து 238. டீயில் சர்க்கரை ஒரு ஸ்பூனாகக் குறைந்திருக்கிறது, முழுதாக விட இன்னும் சம்மதிக்கவில்லை. அம்மா டீயைப் பத்து மணிக்குத் தள்ளிவிட்டார், இரும்பு மாத்திரையும் தொடங்கியிருக்கிறோம். டாக்டர் ஜூனில் மறுபடி சராசரி எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

அண்ணா, அப்பா ஒன்று கேட்கச் சொன்னார். இலங்கையில் அச்சுப் பாண் வாங்கினால் இரண்டு ஓரத் துண்டுக்கும் அண்ணன் தம்பிகள் சண்டை போடுவார்களாம். உங்கள் கடையில் ஸ்லைஸ் போடும்போது ஓரத்தைக் கழித்துவிடுகிறீர்கள், அவருக்கு அது வேண்டுமாம்.

விறகடுப்பு

இந்த வாரத்திலிருந்து உங்களுக்கு ஸ்லைஸ் போடாமல் முழுதாகவே தருகிறேன், ஓரம் இரண்டும் அப்படியே இருக்கும். சனிக்கிழமை நாலு மணிக்கு அடுப்பிலிருந்து எடுப்பேன், ஆற ஒரு மணி நேரமாவது ஆகும், சூட்டோடு வெட்டினால் உள்ளே களியாகிவிடும். ஐந்தரை பஸ்ஸுக்கு முன்னால் வாருங்கள்.

வெலிங்டன்_வயல்

ஜூன் அளவு வந்ததும் இங்கே எழுதும்மா.